பாவம் பார்த்துச் சிரித்தவர்கள்

போன மாதம் என் மகள் என்னைப் பாண்டிச்சேரியில் ஒரு நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஏசி ஹால். மேடையில் ஒரே ஒரு பையன், கையில் மைக், வேறு ஒன்றும் கிடையாது. மந்திரிகள் நடக்கிற நடை, கும்பிடு போடுகிற விதம், கேள்வி கேட்டால் தொண்டையைச் செருமுகிற தினுசு என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினான். ஹாலே குலுங்கிச் சிரித்தது. என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏம்மா உர்ருனு உக்காந்திருக்க? புரியலையா?" என்று கேட்டாள்.

புரியாமல் என்ன? எனக்குக் கோபம். அந்தப் பையன் மேல் இல்லை, அவன் நன்றாகத்தான் செய்தான். கோபம் உங்கள் மேல்.

ஆமாம், உங்களைத்தான். மரக்காணத்தில் என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்து, இப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறவர்களே. அந்த ஹாலின் போட்டோவை நான் நம் குழுவில் போட்டதும் ஒருவர் எழுதினீர்கள்: "உங்க சித்தி அந்தக் காலத்துலயே இதெல்லாம் பண்ணிட்டாங்களே, இன்னா சிரிப்பு சிரிச்சோம்!" இன்னும் நாலு பேர் ஆமாம் ஆமாம் என்றீர்கள். ஐம்பது வருஷம் கழித்து உங்களுக்குச் சிரித்தது ஞாபகம் வந்துவிட்டது. கேட்ட அன்றைக்கு வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை. என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

அந்தக் கோடையை முதலிலிருந்து சொல்கிறேன். பாதியை மறந்திருப்பீர்கள். மீதியை வேண்டுமென்றே மறந்திருப்பீர்கள்.

பங்குனி மாதம். நமக்கு அரைநாள் பள்ளிக்கூடம். மணி அடித்ததும் சித்திக்குக் கஞ்சித் தூக்கு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு ஓடுவேன். அந்த நேரத்தில் பாத்திகளைப் பார்க்கவே முடியாது, கண்ணில் ஊசி குத்துவது மாதிரி வெள்ளை. வரப்பில் செருப்பில்லாமல் ஓடினால் காலில் உப்புப் படிந்து, வெடிப்புக்குள் புகுந்து எரியும். கொட்டகைக்குள் நுழைந்தால்தான் உயிர் வரும். கீற்றுக் கொட்டகை. அங்கே உப்பு ஈரமும் கருவாட்டுக் குழம்பும் வியர்வையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். வேறு எங்கேயும் அந்த வாசனையை நான் திரும்ப முகர்ந்ததில்லை.

சித்தி என் அம்மாவுக்குத் தங்கை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இருபத்திரண்டு வயது. விடியுமுன் உப்பளத்துக்குப் போய்க் கூடை சுமப்பாள். வானூரில் தையல் கடை வைத்திருந்த ஒருவருக்கு நிச்சயம் ஆகியிருந்தது. என் அப்பா அதே உப்பளத்தில் காண்ட்ராக்டரிடம் எடை கிளார்க். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. தான் கூலிக்காரன் இல்லை என்பதை அந்தக் குடை வழியாகத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கஞ்சி குடித்து முடித்ததும் யாராவது ஒரு பெண் ஆரம்பிப்பாள். "இன்னாடி, தலைவரு இன்னிக்கு வரலியா?"

சித்தி பிகு பண்ணமாட்டாள். கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நிற்பாள். தலைச் சும்மாட்டை உதறித் தோளில் போட்டால் சால்வை. மண்ணெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனல்தான் மைக். அதைத் தட்டுவாள்.

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒண்ணு... ரெண்டு... மூணு தெரியாதுங்க. தலைவரு அவ்ளோதான் படிச்சிருக்காரு."

அப்புறம் குரல் மாறும். மூக்கால் பேசுகிற, ஒவ்வொரு சொல்லின் வாலையும் இழுத்து இழுத்து விடுகிற குரல். நம் எம்.எல்.ஏ. பெருமுக்கல் பக்கத்திலிருந்து ஜீப்பில் புழுதி கிளப்பிக்கொண்டு வருவாரே, அவர்.

"தாய்மாருங்களே! நானும் உங்கள்ல ஒருத்தன். என் காலப் பாருங்க. செருப்பு புதுசு, கால் பழசு. இந்த உப்பளத்து மக்களுக்குக் குடிக்க நல்ல தண்ணி இல்லன்னு கேட்டதும் எனக்குத் தூக்கமே வரல. அதனால பகல்ல தூங்கினேன். தண்ணித் தொட்டி கட்டுறதுக்குப் போன எலெக்சனுக்கு ஒரு கல்லு வெச்சேன். அதுக்கு முந்தின எலெக்சனுக்கு ஒரு கல்லு வெச்சேன். இப்ப மூணாவது கல்லு வெக்கிறேன். மூணு கல்லு ஆச்சா? இனிமே அடுப்பு கூட்டிக்குங்க. தண்ணி மட்டும் நீங்க கொண்டாந்துடுங்க!"

அந்த இடத்தில் பெண்கள் தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தண்ணீருக்காகத் தினம் இரண்டு மைல் நடப்பவர்கள் அவர்கள்தான்.

கடைசியில் ஒரு கையைத் தூக்கி, "தண்ணி வரும்! வந்தே தீரும்!" என்பாள். பக்கத்தில் இருக்கிற கோலி சோடா பாட்டிலை எடுத்து, பானைத் தண்ணீர்தான், கடகடவென்று மொத்தத்தையும் குடித்துவிட்டுப் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டுவாள். நாம் எல்லாரும், கிழவர்கள் முதல் மூக்கொழுகிகள் வரை, ஒரே குரலில் கத்துவோம்: "தீந்துடுச்சீ!"

எத்தனை நாள் கத்தினோம்! தினம் அதே கல், அதே சோடா, அதே சிரிப்பு. பரீட்சைக்குப் படித்த பாடம் ஒன்றும் எனக்கு இப்போது நினைவில்லை. இது மட்டும் இருக்கிறது.

அந்தப் புனலையும் சோடா பாட்டிலையும் கொடுத்தது மைக் செட் பாய். எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் ஊரில் அவருடைய மைக்தான். வேலை இல்லாத நாளில் சைக்கிளைக் கொட்டகைக் கம்பத்தில் சாய்த்துவிட்டுப் பார்ப்பார். "மாஷா அல்லா, அப்டியே அந்தாளு கொரலும்மா. என் ஆம்ப்ளிஃபயருக்கே வித்தியாசம் தெரியாது" என்பார். காண்ட்ராக்டர் ஒருநாள் திடீரென்று வந்துவிட்டார். எல்லாரும் பயந்து எழுந்தோம். அவர் "நடக்கட்டும், நடக்கட்டும்" என்று உட்கார்ந்து, புரையேறுகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, "அந்த அடுப்ப மட்டும் இன்னொரு வாட்டி செய்யி" என்றார். அப்பா? அப்பா கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். வாயைக் கையால் பொத்திக்கொள்வார். தோள் மட்டும் குலுங்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "ஒந்தங்கச்சிய அடக்கி வையி" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் எம்.எல்.ஏ. நிஜமாகவே மூன்றாவது கல் வைக்க வந்தார்.

சாயங்காலம் நாலு மணிக் கூட்டம். உப்பளத்து ஆட்கள் எல்லாரும் வரவேண்டும் என்று உத்தரவு. சித்தியையும் இன்னொரு பெண்ணையும் மட்டும் தூரத்துப் பாத்தியில் லாரிக்கு உப்பு ஏற்ற நிறுத்திவிட்டார்கள். முன்யோசனையாகச் செய்தார்களா, தற்செயலா, தெரியாது. நம்மை ஹெட்மாஸ்டர் வரிசையாகக் கூட்டிப்போய் மேடைக்கு முன்னால் மணலில் உட்காரவைத்தார். கையில் காகிதக் கொடி. பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் கடல் வரைக்கும் அலறியது.

அவர் பேச ஆரம்பித்ததுமே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சித்தி மாதிரியே பேசினார்! சித்தி அவரைப் போலப் பேசினாள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. இவர்தான் அவளைப் பார்த்து நடிக்கிறார் என்று இருந்தது. "நானும் உங்களில் ஒருவன்" என்றார். என் பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைக் கிள்ளினாள். "இங்கே ஏற்கெனவே கல் வைத்தவன் நான்" என்றார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஹெட்மாஸ்டர் முறைத்தார்.

அவர் கையைத் தூக்கினார். "தண்ணீர் வரும்! வந்தே தீரும்!" என்றார். சொல்லிவிட்டு, நெஞ்சு காய்ந்திருக்கும் போல, பக்கத்தில் இருந்த சோடாவை எடுத்து வாயில் வைத்தார்.

என் வாய் தானாகத் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. "தீந்துடுச்சீ!"

முதல் குரல் என்னுடையது. இரண்டாவது, மூன்றாவது உங்களுடையது. அப்புறம் பிள்ளைகள் மொத்தமும். பிறகு பின்னால் பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. தண்ணீர் மடை உடைத்துக்கொண்ட மாதிரி கூட்டம் முழுக்கப் பரவியது. கிழவர்கள் துண்டால் வாயை மூடினார்கள், மூட முடியவில்லை. காண்ட்ராக்டர் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி நடித்தார். எம்.எல்.ஏ.வுக்குப் புரையேறி சோடா மூக்கு வழியாக வந்தது. மாலை போட்ட ஆபீசர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவர் முதுகு ஆடியது. கல் வைக்காமலேயே ஜீப் கிளம்பிவிட்டது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஊரே சிரித்தது. சித்தி லாரி ஏற்றி முடித்து வருவதற்குள் ஊர் அடங்கிவிட்டது, நானும் தூங்கிவிட்டேன். மறுநாள் காலையில் ஒருத்தர் முகத்திலும் அந்தச் சிரிப்பு இல்லை.

கொட்டகையில் நாலு நாற்காலி போட்டிருந்தது. எம்.எல்.ஏ.வின் ஆள் ஒருவர், காண்ட்ராக்டர், ஹெட்மாஸ்டர், அப்பா. "பசங்களுக்கு இத யாரு கத்துக்குடுத்தது? சொல்லலேன்னா ஒட்டுமொத்தமா வேலய வுட்டுத் தூக்கிடுவோம், போலீஸ்லயும் எழுதிக் குடுப்போம்" என்றார் வந்தவர். எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று. சித்தி கூடையோடு நின்றிருந்தாள்.

"நான்தாங்க செய்வேன். சும்மா வெளையாட்டுக்கு" என்றாள். "இவங்கள்லாம் கேக்கறாங்கன்னு செய்வேன்."

"யாரு கேட்டது?"

அப்போதுதான் ஆரம்பித்தது. தொடையில் அடித்துச் சிரித்தவள் ஒருத்தி, "நாங்க எங்கங்க கேட்டோம்? அதுவா எதுனா பேசிக்கினு இருக்கும்" என்றாள். நேற்று லாரியருகே சித்தியோடு நின்ற பெண், "நேத்து மீட்டிங்ல ஸ்பீக்கரு கேட்டுச்சிங்க. இது வரப்புல தனியா நின்னு சிரிச்சிச்சி. ஒருத்தரும் இல்ல பக்கத்துல, தனியா சிரிச்சிச்சி" என்றாள். மைக் செட் பாயை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மைக் போட போலீஸ் பர்மிஷன் வேண்டும், வீட்டில் ஆறு பேர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் ஆம்ப்ளிஃபயர்கிட்ட குந்திகினு இருந்தேங்க. காதுல ஒண்ணும் வுழல" என்றார். ஊருக்கே சத்தம் விற்கிற மனுஷனுக்குக் காதில் ஒன்றும் விழவில்லை!

அப்பா எழுந்து நின்றார். குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"சார், வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். எம் மச்சினிச்சிக்குக் கொஞ்சம் புத்தி சரியில்ல. பெத்தவங்க போனதுலேர்ந்தே அப்டித்தான். ஏதோ பாவம்னு வெச்சிக்கினு இருக்கோம். இவங்களும் அது மனசு நோவக் கூடாதுன்னு சிரிச்சி வெக்கறாங்க. பாவம் பாத்து சிரிக்கறது சார். வேற ஒண்ணும் இல்ல."

உடனே எல்லாருக்கும் வழி கிடைத்துவிட்டது. "ஆமாங்க, பாவம்னுதான்." "பாவம்னுதான் சிரிச்சோம்." "நேத்துகூட பசங்கதான் தெரியாம கத்திச்சிங்க, பெரியவங்க ஒருத்தரும் சிரிக்கல." காண்ட்ராக்டர் தலையாட்டினார். புரையேறச் சிரித்தவர், "எனக்கும் சந்தேகமாதான் இருந்திச்சி" என்றார்.

சித்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் அப்பாவைப் பார்த்து, "மாமா, நான் என்னா பேசினேன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "இத பாருங்க சார், இப்டித்தான்" என்றார் அப்பா.

சாகும் வரைக்கும் அப்பா இதைத் தன் புத்திசாலித்தனம் என்றே நினைத்தார். ஜெயிலிலிருந்து காப்பாற்றிவிட்டாராம். எவனும் ஜெயிலில் போட்டிருக்கமாட்டான். ஒரு மாதம் வேலையை நிறுத்தியிருப்பார்கள், திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். இது எனக்கு நாற்பது வயதில்தான் உறைத்தது.

சொன்ன பொய்க்குச் சீட்டு வேண்டுமே! டவுனில் ஒரு டாக்டரிடம் சித்தியைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவும் நானும் கூடப் போனோம். டாக்டர் ஏதேதோ கேட்டார். சித்தி நேராகப் பதில் சொன்னாள். "என்னா பேசினேன்னு செஞ்சி காட்டும்மா" என்றார். மூன்று கல்லும் அடுப்பும் செய்து காட்டினாள். டாக்டர் மேஜையில் தட்டிச் சிரித்துவிட்டார். "இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லங்க" என்றார். அப்பா விடவில்லை. ஓரமாகப் போய் எம்.எல்.ஏ. பெயரைச் சொன்னார். டாக்டர் சிரிப்பை நிறுத்தி, பேனாவைத் திறந்து, ஓய்வு தேவை என்று எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் அப்பா அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் தடவிக்கொண்டே வந்தார். சித்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து என்னைத் தனியாகப் பிடித்தாள். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ முன்னாடி ஒக்காந்திருந்த இல்ல? நெஜத்தச் சொல்லு. அந்தாளு அதச் சொன்னப்ப பெரியவங்க யாராச்சும் சிரிச்சாங்களா? எனக்கு ஸ்பீக்கர்ல அந்தாளு கொரலு மட்டும்தான் கேட்டுச்சி. ஜனங்க சத்தம் ஒண்ணும் வரல."

கதவுக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். முந்தின நாளே என்னிடம் சொல்லி வைத்திருந்தார்: சிரித்தார்கள் என்று தெரிந்தால் அவள் திரும்பவும் செய்வாள், போலீஸ் வரும், எல்லாம் உன்னால்தான் என்று.

"இல்ல சித்தி. யாரும் சிரிக்கல."

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும் இல்ல."

அவள் கையில் இருந்த பாவாடையைப் பிழியாமல் அப்படியே கொடியில் போட்டாள். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். எந்தப் பாத்தியிலும் வேலை இல்லை. "வெயில்ல எதுனா ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்றார்கள். வானூர்க்காரர்கள் ஆள் அனுப்பி நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். மைக் செட் பாய் ஒருநாள் வாசலில் வந்து நின்று, "மாஃப் பண்ணிடும்மா" என்று மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தெருவில் போனால் பின்னாலேயே "மைக் டெஸ்டிங், மைக் டெஸ்டிங்" என்று கத்திக்கொண்டு உப்புக்கட்டி எறிந்தது யார்? பெயர் சொல்லவில்லை. உங்களுக்கே தெரியும். ஆடி மாதம் இரும்பையில் ஒரு தூரத்து உறவுக்காரர் வீட்டுக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். அங்கே சித்தாள் வேலை. பிறகு வயது முதிர்ந்த ஒரு கொத்தனாரைக் கட்டிக்கொண்டாள். ஒரு மகன். விசேஷங்களுக்கு வருவாள், ஓரமாக உட்கார்வாள், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவாள். அவள் யார் மாதிரியும் பேசிக் காட்டி நான் பிறகு பார்த்ததே இல்லை.

போன வியாழக்கிழமை இரும்பைக்குப் போனேன். மகன் வேலைக்குப் போயிருந்தான். சித்தி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுபது தாண்டிவிட்டது, கண் மட்டும் கூர்மை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன்.

"சித்தி, அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. கை நின்றது.

"பசங்கதானே?"

"பெரியவங்க. எல்லாரும். பொம்பளைங்க பக்கத்துலதான் ஆரம்பிச்சிது. மடை ஒடஞ்ச மாதிரி."

"பாவம்னு சிரிச்சாங்களா?"

"நீதான் அங்க இல்லியே சித்தி. அந்தாளப் பாத்துதான் சிரிச்சாங்க."

அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். அன்று லாரியருகே அவளோடு நின்றவளின் புருஷன்? சிரித்தான். காண்ட்ராக்டர்? குனிந்துகொண்டு சிரித்தார். பாய்? ஆம்ப்ளிஃபயர் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார், நான் பார்த்தேன்.

"உங்கப்பா?"

"அப்பா உட்காந்தே போயிட்டாரு சித்தி. வயித்தப் புடிச்சிக்கினு. கொடை கீழ வுழுந்து உருண்டுச்சி, எடுக்கக்கூட முடியல அவரால."

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இத்தினி வருசமா நான் என்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா?" என்றாள். "ஒருவேள மெய்யாலுமே எனக்குப் புத்தி சரியில்லியோன்னு. கொட்டகைல சிரிச்சது எல்லாமே பாவம் பாத்துதானோன்னு. எம்புள்ள சின்ன வயசுல நான் எதுனா சொல்லி சிரிச்சான்னா, அவன் மூஞ்சிய உத்துப் பாப்பேன். நெஜமா சிரிக்கறானா, ஆத்தா பாவம்னு சிரிக்கறானான்னு. பெத்த புள்ளகிட்டயே."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"உங்கப்பன் சாவுக்கு வந்தேன். அன்னிக்கு சொல்லியிருக்கலாம். ஒம்பொண்ணு கல்யாணத்துக்கு வந்தேன். பந்தியில எம்பக்கத்துலதான் ஒக்காந்த. அன்னிக்காவது சொல்லியிருக்கலாம்."

"பயமா இருந்திச்சி சித்தி."

"யாருக்குப் பயந்த? செத்துப்போன எம்.எல்.ஏ.வுக்கா?"

நான் சிதறிக் கிடந்த கீரையைப் பொறுக்கித் தட்டில் போட்டேன்.

"எழுந்திரு. போயிடு" என்றாள். "இப்ப எனக்கு வர்ற கோவத்துல எதுனா சொல்லிடுவேன்."

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஞாயித்துக்கெழம வா. மொதல்லேர்ந்து சொல்லணும். யாரு எங்க ஒக்காந்திருந்தாங்க, யாரு மொதல்ல சிரிச்சாங்க, எல்லாம். ஒண்ணும் வுடக் கூடாது. நீ மட்டும் சொன்னா பத்தாது. அங்க இருந்ததுங்க எதுனா உயிரோட இருந்தா இட்டுக்கினு வா. அதுங்க வாயாலயே சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போகிறேன். யார் யார் வருகிறீர்கள்?